உப்புப் பார்க்கும் பொறுப்பு

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெருநாள் பிறை கண்ட செய்தி கேட்டதும் சமையற்கட்டே குதூகலித்தது. சாப்பாட்டுக்கடைக்காரி சுபைறா மட்டும் கறிச்சட்டியை விட்டுத் தள்ளி நின்றாள்.

“நோன்பு முடிஞ்சிட்டு றாத்தா. இனி வாயில வெச்சே உப்புப் பாக்கலாம்,” என்று உதவிக்கு நிற்கும் ஆகிலா கறி அகப்பையை நீட்டினாள்.

“நீயே பாரு. இனிச் சமையல் முழுக்க உன்ட பொறுப்பு. நான் கடைய நடத்துறன்.”

“நானா? பெருநாள் சாப்பாடு பிழைச்சா உங்கட பேரல்லவா கெடும்! பயமாக் கிடக்கு.”

“பயப்படாமப் பாரு.”

ஆகிலா நாக்கில் வைத்தாள். “உப்பே இல்லையே றாத்தா!”

சுபைறா முன்கடைக்குப் போய், எலுமிச்சை ஊறுகாயை வாயில் போட்டுக் காத்திருந்தாள். புளிக்கவில்லை, உறைக்கவில்லை.

மாதத்தின் முதல் நோன்பான தலைநோன்பன்று வந்த காய்ச்சல் அவளது ருசியைக் கொண்டுபோயிருந்தது. யாரும் ருசி பாராமல் கைக்கணக்கில் சமைக்கும் நோன்பு மாதம்தான் இதுவரை அதை மறைத்திருந்தது.