ஐந்து அங்குலம்

“இத வெட்டினா பிறகு உசத்த ஏலா அக்கா,” என்றான் உசனார்.

பிக்கப்பின் பின்பக்கம் மரக்குற்றிகளில் ஏறி நின்றது. கழற்றிய சக்கரங்கள் வேலியோரம் கிடந்தன. உசனாரின் கையில் காஸ் வெட்டி எரிந்துகொண்டிருந்தது.

“வெட்டுங்க தம்பி,” என்றாள் இரத்தினம்மா.

அவள் ஆரையம்பதியில் மீன் வியாபாரம் செய்கிறவள். விடிய முன்னம் ஐஸ் பெட்டிகளை ஏற்றிப் புளியந்தீவுச் சந்தைக்கு அனுப்புவாள். அந்த ஒரு பிக்கப்தான் அவள் வீட்டுச் சோறு. அதைப் போய் நிலத்தோடு பதிக்கச் சொல்கிறாளே, மனுசிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றது ஊர். ஊருக்கென்ன, வாய் இருக்கிறது, பேசும்.

ஊரிலிருந்த இரண்டு கராஜ்காரரும் விசயத்தைக் கேட்டதுமே கைநிறைய வேலை என்று நழுவிவிட்டார்கள். காத்தான்குடி உசனார்தான் சாமான்களைக் கட்டிக்கொண்டு அவளுடைய வீட்டு வளவுக்கே வந்தான்.

வழமையாகப் பாரம் தாங்கும் வில்லுத் தகடுகளுக்குக் கீழே கிடக்கும் பின் அச்சை அவன் எடுத்துத் தகடுகளுக்கு மேலே வைத்தான். வண்டி ஐந்து அங்குலம் கீழே இறங்கியது. அச்சுக்குள்ளிருந்த பல்சக்கரங்களையும் கழற்றி, பழைய வான் ஒன்றின் பல்சக்கரங்களைப் பூட்டினான். தார் ரோட்டில் பறக்கும், மணலில் இழுக்காது. இனி ஒழுங்கை முடிகிற தார் ரோட்டோரம்தான் அதை நிறுத்த வேண்டும். இனி அச்சு மேலே முட்டாமலிருக்க வண்டியின் அடிச்சட்டத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் வெட்டினதுதான்.

ஊரின் கோபத்திலும் ஞாயம் இல்லாமலில்லை. கடல் ஊருக்குள் வந்த அன்று பதினேழு பேரைக் காப்பாற்றியது இந்தப் பிக்கப்பின் உயரம்தான். அவளுடைய மூத்தவன் ரதீஸ் வெள்ளத்துக்குள்ளால் மூன்று தரம் கடற்கரைக்கு ஓட்டிப்போய், அகப்பட்டவர்களை அள்ளி ஏற்றிக்கொண்டு வந்தான்.

இனியொருக்காக் கடல் வந்தால் எதில் ஏறுவது என்று பக்கத்து வளவுக் கேதீஸ்வரி வேலிக்கு மேலால் கேட்டாள். கேதீஸ்வரியும் அன்று அதில் ஏறித் தப்பியவள்தான்.

கடல் சொல்லிக்கொண்டு வருவதில்லை, இவர்கள் சொல்லிக்கொண்டல்லவா வருகிறார்கள் என்றாள் இரத்தினம்மா. கேதீஸ்வரி வேலியை விட்டுப் போய்விட்டாள்.

இவர்கள் என்றால் துவக்கை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள். எந்தப் பக்கத்தார் என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உயரமான வண்டிகளாகப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். வாவிக்கு அப்பால், படுவான்கரை மணற்பாதைகளுக்கு அதுதான் தோது. போன வருடம் இந்தப் பிக்கப்பை ஒருதரம் கொண்டுபோனார்கள். இந்த முறை வியாழன் பின்னேரம் வருவோம், இரண்டு நாள் வேலைதான், வினோஜனை ஆயத்தமாக நிற்கச் சொல்லுங்கள் என்று திங்களே ஆள் அனுப்பிவிட்டார்கள். வினோஜன் இளையவன். இப்போது பிக்கப் ஓட்டுவது அவன்தான்.

இன்றைக்கு வியாழன்.

உசனார் வெட்டினான். பொறி பறந்தது. இரத்தினம்மா முகத்தைத் திருப்பவில்லை.

வேலை முடிந்தும் உசனார் போகவில்லை. சுத்தமான கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றான்.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் இருந்தவன் பிக்கப்பைப் பார்த்தான். பிறகு குனிந்து அடியைப் பார்த்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான்.

“மீன் பெட்டி ஏத்தி இறக்கி இடுப்பு முறியுது. என்ட வண்டி, பதிச்சிட்டன்,” என்றாள்.

அவன் நம்பவில்லை. தானே ஏறி ஓட்டினான். வேலிப் படலையைத் தாண்டி மணல் ஒழுங்கையில் பத்து யார் தூரம் போயிருக்கும். அடிவயிறு மண்ணில் குந்தியது, பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்று குழி தோண்டின. இறங்கிவந்து, பழையபடி உயர்த்து என்று உசனாரை அதட்டினான்.

சட்டத்தை வெட்டியாயிற்று, இனி உயர்த்திப் பாரம் ஏற்றினால் நடுவழியில் முறியும் என்றான் உசனார். சொன்னது உண்மை.

வந்தவன் வாசலில் நின்ற வினோஜனை மேலும் கீழும் பார்த்தான். பிக்கப்பைப் பார்த்தான். இதை நாங்கள் மறக்கமாட்டோம் என்றான்.

நானும் மறக்கவில்லை என்றாள் இரத்தினம்மா.

மோட்டார் சைக்கிள் திரும்பிப் போனது.

வினோஜன் மண்வெட்டியோடு வந்து சக்கரத்தடி மணலை வெட்டத் தொடங்கினான். அவள் பிக்கப்பின் பக்கப் பலகையில் சாய்ந்து நின்றாள். அது இப்போது அவளுடைய இடுப்பளவுக்குத்தான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

போன வருடமும் இரண்டு நாள் என்றுதான் கொண்டுபோனார்கள். எட்டாம் நாள் விடிய, பிக்கப் இதே படலையடியில் நின்றது. ஒரு கீறல் இல்லை. கழுவித் துடைத்து, டாங்கி நிறைய டீசலும் அடித்து விட்டிருந்தார்கள்.

ஓட்டிப்போன ரதீஸ்தான் வரவில்லை.