மல்லிக்கு எதற்குக் கம்பு?

மல்லி பூத்துவிட்டது.

வாயில் பிரஷ்ஷோடு பால்கனிக்கு வந்த லிஃப்ட் மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார்.

நாலு நாளாகவே அவருக்குச் சந்தேகம்தான். இலை விடுவதை மறந்துவிட்டுத் தண்டு மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. எந்த மாடியிலும் நிற்காமல் மேலே போகிற எதுவும் நல்லதற்கில்லை என்பது இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் கண்டது. இப்போது உச்சியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ.

கீழே போன காய்கறி வண்டிக்காரம்மாவைக் கூப்பிட்டு, ஒரு தண்டைக் கிள்ளிக் காட்டினார்.

"பூ விட்டா போச்சு சார். இனிமே இலை வராது" என்று சொல்லிவிட்டு அந்தம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனது செடி மட்டுமென்றால் பரவாயில்லை. கூடவே பெண்டாட்டியும் அல்லவா போனாள்!

அவள் அக்கா வீட்டுக்குப் போய் எழுபது நாள் ஆகிறது. சண்டை எதில் ஆரம்பித்தது என்று இருவருக்குமே நினைவில்லை. எதில் முடிந்தது என்பது மட்டும் அவருக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது.

"ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் ஓடி ஓடி எண்ணெய் போடுறீங்க. இந்த வீட்ல உயிரோட இருக்கிற ஒண்ணை என்னைக்காவது திரும்பிப் பார்த்திருக்கீங்களா? ஒரே ஒரு மல்லியை வளர்த்துக் காட்டுங்க. அப்ப வரேன். அதுவரைக்கும் போன்கூடப் பண்ணாதீங்க."

சொன்னதோடு விடவில்லை. பெரிய தொட்டி ஒன்றைப் பால்கனியில் வைத்து, மண் நிரப்பி, நடுவில் ஒரு நீளக் கம்பையும் நட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். கோபத்திலும் காரியத்தில் கண்.

இவரும் ரோஷக்காரர்தான். சமையலறை அலமாரியில், அவள் கையாலேயே 'மல்லி' என்று எழுதி ஒட்டிய டப்பா இருந்தது. ஒரு பிடி அள்ளிவந்து தூவினார்.

அந்தக் கம்பு எதற்கென்றுதான் விளங்கவில்லை. காக்கா விரட்டவாக இருக்கும் என்று நினைத்துப் பிடுங்கி, ஒட்டடைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

முதல் தடவை ஒன்றுமே முளைக்கவில்லை. விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடவேண்டும் என்று வண்டிக்காரம்மாதான் சொன்னாள். இரண்டாம் தடவை வாளியோடு தண்ணீரைக் கவிழ்த்ததில் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்க் கூட்டம் போட்டன. மூன்றாம் தடவை, உடைத்து, ஊறவைத்து, விரல் நகம் அளவு ஆழத்தில் தூவி, மேலே மண்ணைப் பூப்போலப் போட்டு, கையால் தண்ணீர் தெளித்தார். ஒன்பதாம் நாள் பச்சையாக ஏதோ தெரிந்தது. வேலைக்குப் போகும்போது அதனிடம் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு மனுஷன் மாறிப்போனார்.

இலை வந்ததும் அவ்வப்போது நறுக்கிவிடச் சொன்னாள் வண்டிக்காரம்மா. இவருக்கு மனசு வரவில்லை. முழுசாகப் பெண்டாட்டியிடம் காட்டவேண்டுமே! வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவதாகத்தான் இருந்தார்.

அதற்குள் இப்படி.

மறைத்து என்ன ஆகப்போகிறது? வாயைக் கொப்பளித்துவிட்டு போனை எடுத்தார்.

"பூத்துடுச்சு" என்றார், தப்புச் செய்தவர் குரலில்.



"நிஜமாவா?" என்றாள் மறுமுனையில். அவள் குரல் ஒருமாதிரி இருந்தது. "வெள்ளையாவா?"

"வெள்ளையாத்தான்."

"வாசம்?"

"வாசத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கையில பட்டா நாள் பூரா போகாது. ஆனா..."

ஆனாவைக் கேட்க அங்கே ஆள் இல்லை. போனை வைத்துவிட்டாள்.

அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. எழுபது நாளில் மூன்று கிலோ இளைத்தது இதற்குத்தானா?

பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. இரண்டு பஸ் மாறி, பெரிய பையும் கையுமாக அவள் நின்றாள். கண் கலங்கியிருந்தது. வீட்டை அண்ணாந்து பார்த்தாள். ஓர் ஒட்டடை இல்லை.

பையைக் கூடத்தில் போட்டாள். அதிலிருந்து சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். மேசையில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட வாங்கியதாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்கு ஓடினாள். போகும்போதே கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நீட்டினாள்.

கண்ணைத் திறந்தாள்.

தொட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தொட்டியைப் பார்த்தாள்.

"கம்பு எங்கங்க?"

"மல்லிக்கு எதுக்கும்மா கம்பு?"

அவள் கண்ணாடிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.  ஏதோ பிசகிவிட்டது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. சாட்சி வேண்டுமே! உள்ளே ஓடி, அந்த டப்பாவைக் கொண்டுவந்து, ஒட்டியிருந்த சீட்டை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

தன் கையெழுத்தை அவள் இரண்டு முறை படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு கூடத்தில் கிடந்த பையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்தாள். பேனாவோடு திரும்பி வந்து டப்பாவை வாங்கினாள்.

'மல்லி'க்கு முன்னால் நெருக்கி மூன்று எழுத்து சேர்த்தாள். கொத்த.