ஊசிக்குப் பிறகு

மாரிகுப்பம் மைதானத்தில் வெறிநாய்த் தடுப்பூசி முகாம். தங்கச் சுரங்கம் கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. அம்சா தன் நாய் மணியைத் தோளிலிருந்து இறக்கி, டாக்டரின் மேசைமேல் மருந்துக் குப்பிகளுக்கு நடுவே கிடத்துகிறாள். போன வாரம் இங்கே ஊசி போட்டுக்கொண்ட நாய். இப்போது பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணிபோலத் துவள்கின்றன. "கூலிக்காரங்க லைன் வீட்டு நாய், கண்டதையும் தின்னிருக்கும்," என்கிறார் டாக்டர், நிமிராமல். "பங்களா நாயா இருந்தா இப்படிச் சொல்லுவியா நீ?" மரியாதை நழுவியதை அவள் பொருட்படுத்தவில்லை. "ஊசி வாணாம்னு சொல்லல. போட்டப்புறம் இன்னா ஆவுதுன்னு பாருன்றேன். பாக்காம அடுத்த நாய்க்குப் போட உடமாட்டேன்." வரிசையில் நின்றவர்கள் தங்கள் நாய்களைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். டாக்டர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து மணியின் பின்னங்காலைக் கிள்ளுகிறார். அதற்கு உறைக்கவே இல்லை. திரும்பி அவர் கையை நக்குகிறது. அம்சா மணியின் முகத்தை அவர் கையிலிருந்து வெடுக்கென்று விலக்குகிறாள்.