கஷ்டத்துக்கு மார்க்

பெற்ற தாய் இறந்த நாளின் நினைவுக்கு விருதுநகரில் இந்த வருஷத்து விலை மூன்று லட்சம்.

கல்லூரிகள் இப்போது பட்ட கஷ்டத்துக்கும் மார்க் போடுகின்றன. நேர்காணலில் பொய் சொன்னால் இயந்திரம் கண்டுபிடித்துவிடும். யாழிசை கணக்கில் நூற்றுக்கு நூறு, கஷ்டத்தில் முட்டை. இரண்டு வருஷமாக அவளைக் கல்லூரிக்குத் தயார்செய்துவரும் வழிகாட்டி அக்கா செல்வரதி, தன் அம்மா இறந்த நாளின் நினைவையே விற்க முன்வந்தாள். கைமாறிய நினைவு கொடுத்தவரிடம் மிஞ்சாது.

"பதினோரு வருஷத்துப் பழைய சாவு. பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றாள் யாழிசையின் அம்மா.

"அது என்ன மல்லிப்பூவா மதினி, சாயங்காலமானா விலை இறங்க?"

இரண்டே முக்காலில் பேரம் படிந்தது.

"உங்களுக்கு அது வேணாமாக்கா?" என்று யாழிசை கேட்டாள்.

"வச்சுக்கிட்டு என்ன செய்ய? வெறும் பாரம். நீ சீட்டை வாங்கு."

நேர்காணலில் யாழிசை தேம்பித் தேம்பி அழுதாள். சீட்டு கிடைத்தது. வீட்டுக்கு வந்தும் அழுகை நிற்கவில்லை. சோறு ஊட்ட வந்த சொந்த அம்மாவைத் தள்ளிவிட்டு, "எங்கம்மா எங்க?" என்றாள்.

அங்கே தன் வீட்டில் செல்வரதி, தன் அம்மாவுக்கும் சேர்த்துக் காபி போட்டாள். கணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அத்தை போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாச்சு, ரதி."

"எங்கம்மாவ ஏங்க சாகடிக்கிறீங்க?" என்று சீறியவள், காபி ஆறாமல் தட்டு போட்டு மூடினாள்.

செத்தவள் ஒருத்தி, அழுகிறவள் ஒருத்தி. கணக்கு சரிதான்.