சிவப்புத் தரை

"பூட்ஸைக் கழட்டுங்க சார்! இப்பதான் தரைக்குச் சிவப்புப் பாலிஷ் போட்டிருக்கேன்!"

தூக்கிய கால் தூக்கியபடி வாசற்படியிலேயே நின்றுவிட்டார் சார்ஜென்ட் மககுலா.

"நான் விருந்துக்கு வரலை, கெட்சிவே. வீட்டைச் சோதனை போட வந்திருக்கேன்."

"போடுங்க, யார் வேணாம்னா? ஆனா பூட்ஸோட ஏறாதீங்க. நாளைக்குக் காலையில என் பொண்ணுக்குப் பரிசமா எத்தனை மாடுன்னு பேச மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வர்றாங்க. உங்க கரும்புக்காட்டுச் சேத்தை அவங்க மிதிக்கணுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் கெட்சிவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். முழங்காலிட்டபடி, பாலிஷ் துணியும் கையுமாக, சார்ஜென்ட்டிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் பாலிஷ் போட்ட தரையில் பாதிரியாரே வந்தாலும் செருப்போடு ஏறமாட்டார். பழகிய வாய் முந்திக்கொண்டது.

மககுலா முணுமுணுத்துக்கொண்டே படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். உள்ளே சாக்ஸ் இல்லை.

"என்ன சார், போலீஸுக்குச் சாக்ஸ் கூடத் தரமாட்டாங்களா?"

"குதிகால் வலி. சாக்ஸ் போட்டா இன்னும் எரியுது. ஆறு வருஷமா காலையில கட்டிலவிட்டு இறங்கினா ஆணி மேல நிக்கற மாதிரி இருக்கு. அது கிடக்கட்டும். நீ கஞ்சாத் தைலம் காய்ச்சி, கை கால் வலிக்குன்னு கரும்பு வெட்டற பொம்பளைங்களுக்கு விக்கறியாமே?"

"எந்தப் பாவி சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. புகைச்சாலும் தடவினாலும் சட்டத்துக்கு ஒண்ணுதான், ஞாபகம் வெச்சுக்க."

பாவி சொன்னது உண்மைதான். காலையில் இலையை அடுப்பில் மொரமொரவென்று உலர்த்தி, மதியம்வரை எண்ணெயில் சிறு தீயில் ஊறவைத்து, வடிகட்டி, தேன்மெழுகு கரைத்து இறக்கியிருந்தாள். டப்பாவில் ஊற்றப் போகிற நேரத்தில் தெருமுனையில் போலீஸ் வண்டியின் சத்தம். அது அக்கம்பக்கத்து வீடுகளில் நின்று நின்று வந்ததால் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. சக்கை கக்கூஸ் குழிக்குள் போயிற்று. தைலம் எங்கே போயிற்று என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மாட்டினால் கம்பி எண்ண வேண்டும். அதையாவது பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்வாள். ஆனால் சம்பந்தி வீட்டார் வாசலோடு திரும்பிப் போனால், மகள் பெட்சிலே அழுகிற அழுகையை எப்படித் தாங்குவது?

மககுலா நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போனார். அடுப்பில் கொதித்த பாத்திரத்தைத் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினார்.

"மாட்டுக்குடல் சார். விருந்தாளிகளுக்கு."

"இந்த நாத்தத்துக்கு அடியில இன்னொரு வாசனை வருதே?"

"சரியா அலசாத குடல் அப்படித்தான் சார் வரும்."

அலமாரியைத் திறந்தார். கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றாக எடுத்து மோந்தார்.

"இதெல்லாம் எதுக்கு?"

"பொண்ணு வீட்டை விட்டுப் போறா. பாசிமணி, ஊசி, பட்டன்னு போட்டுக் கொடுக்க வேணாமா?"

"கொடியில காயற துணியில பச்சைக் கறை?"

"கீரை வடிகட்டினேன். இதையெல்லாமா கேப்பீங்க?"

கெட்சிவேயின் கைகள் தரையைத் தேய்ப்பதை நிறுத்தவேயில்லை. மககுலா மெத்தையைப் புரட்டினார், பெட்சிலேயின் பெட்டியைக் கிளறினார், சர்க்கரைக்குள்கூட விரலை விட்டுப் பார்த்தார். முக்கால் மணி நேரம் கூடத்துக்கும் அறைக்குமாக வெறுங்காலோடு நடந்தார். நடுக்கூடத்தில் நின்று காற்றை இழுத்து இழுத்து மோந்தபோது அவள் தலை நிமிராமல் இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

கடைசியில் படியில் உட்கார்ந்து, சிவந்துபோன பாதங்களை பூட்ஸுக்குள் திணித்தார்.

"இன்னிக்குத் தப்பிச்சே. இந்த வீட்டுலதான் இருக்கு, எனக்குத் தெரியும். கண்டுபிடிச்சா அந்த நிமிஷமே திரும்ப வருவேன்."

வண்டி போன பிறகு கெட்சிவே தரையை இன்னொரு தரம் தேய்த்து முடித்தாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை மாடு என்ற பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. தரை நன்றாக மினுக்குகிறது, பெண் சுத்தமான வீட்டில் வளர்ந்தவள்தான் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். கதவோரம் நின்ற பெட்சிலேயின் முகம் வெளுத்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் கெட்சிவே.

படியேறிய மககுலாவிடம் இன்று நொண்டல் இல்லை. யாரும் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றினார். நேராக அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் முனகாம கட்டிலவிட்டு இறங்கினேன்." சிவப்பு இன்னும் போகாத உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினார். "பன்னிரண்டு டப்பாவையும் மோந்து பார்த்தேன். மிதிச்ச தரையை மோந்து பார்க்காம விட்டுட்டேன் பாருங்க!"

கெட்சிவே பெரியவர்கள் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நீங்க பேசுங்கய்யா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று பெரியவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சார்ஜென்ட் மககுலா சுவரோரமாகப் போய் நின்று, அந்தச் சிவப்புத் தரையில் குதிகாலை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.