எண்பத்து நான்காம் பக்கத்துப் பிழை

“பாக்கியநாதன் சேர், கை எங்க?”

என் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள். எண்பத்து நான்காம் பக்கம்.

இரண்டாம் பதிப்பு பதுளையில் வெளியாகி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேடை ஒப்பனையின் வரலாறும் நுட்பமுமாக முப்பது வருஷம் சேர்த்து வைத்து எழுதிய புத்தகம். பேசியவர்களெல்லாம் ஆகா ஓகோ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்த எனக்கு முதல் ஆளே இப்படி வந்து வாய்த்தாள்.

விஷயம் தெரிந்தவள்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் எரிச்சல்.

அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரு கிழவியின் படம். தெமோதரையில் நான் நடத்திய நாடகப் பயிற்சியில், பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு வேஷம் போட்டு எடுத்தது. முகத்தைக் கிழடாக்கிய நான், கைத்தடியைப் பிடித்திருந்த கைக்குச் சாயம் பூச மறந்துபோனேன். முதல் பதிப்பு அப்படியே வந்துவிட்டது. எண்பது வயது முகம், பதினாறு வயது விரல்கள். ஒப்பனைக்காரன் செய்யவே கூடாத பிழை. கொழும்பில் ஒருத்தர் அதைக் கண்டுபிடித்துச் சிரித்து எழுதியும்விட்டார். மானம் போயிற்று.

“அது பிழைம்மா. அதான் இந்தத் தடவை வெட்டிட்டேன்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் கைப்பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். முதல் பதிப்பின் அதே பக்கம், போட்டோ கொப்பி. முகம் தெளிவாக விழுந்திருந்தது. கை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு.

“நான் சஜீவனியோட அம்மா, சேர்.”

சஜீவனி. அந்தப் பிள்ளை. வேஷம் போட உட்கார்ந்ததுமே தாயின் அடையாள அட்டையை நீட்டி, அம்மா மாதிரியே வரவேண்டும் என்று கேட்டது. வயதான வேஷத்துக்குத் தாய் முகத்தைப் பார்த்துக் கோடு இழுப்பதுதான் என் வழக்கமும். பிள்ளை ஒரு நிமிஷம் ஆடாமல் இருந்ததில்லை. சிரித்துச் சிரித்து மூன்று தடவை கோட்டைக் கலைத்துவிட்டது. நான் சத்தம் போட்டேன்.

இந்தத் தாயை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று வந்ததிலிருந்து தோன்றிக்கொண்டிருந்தது. இப்போது தெரிந்தது.

“நல்லா இருக்குதா பிள்ளை?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

போன வருஷத்து மழையில் மலை சரிந்து அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீடுகளின் மேல் விழுந்திருக்கிறது. இவள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கப் போயிருந்த நேரம். சஜீவனியை உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். வீட்டிலிருந்த போட்டோக்கள், போன், ஒன்றையும் எடுக்க முடியவில்லை. மிச்சம் என் புத்தகத்தில் இருந்த இந்தப் படம் ஒன்றுதான்.

நூலகத்தில் அது இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்த்திருக்கிறாள். போன மாதம் புத்தகத்தை எடுத்துப்போன எவரோ திருப்பித் தரவில்லை. புதுசு வருகிறது என்று கேள்விப்பட்டு, சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று இன்றைக்கு வேலைக்குப் போகாமல் பஸ் ஏறியிருக்கிறாள்.

வந்த இடத்தில் நான் கையை வெட்டி வைத்திருக்கிறேன்.

படத்தின் கீழே நான் எழுதியிருந்த வரியை அவள் விரலால் தொட்டாள். ‘இந்த முகத்தில் பதினாறு வயது எங்கேயாவது தெரிகிறதா? தேடிப் பாருங்கள்.’ எழுதும்போது எனக்கு அத்தனை மிதப்பு.

“ஆறு மாசமா தேடுறேன் சேர். மூஞ்சியில நாந்தான் இருக்கேன். கை மட்டுந்தான் அவ.”

திறந்து வைத்திருந்த பேனாவை மூடினேன்.

மூலப் படமாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. வெட்டிய படத்தைக் கணினியில் அதன் மேலேயே பதிந்துவிட்டேன். வேஷம் போடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்திருக்கலாம். அதையும் எடுக்கவில்லை. வெறும் முகம் யாருக்கு வேண்டும் என்று இருந்துவிட்டேன், பாவி.

முதல் பதிப்பு எப்போதோ விற்றுத் தீர்ந்துபோயிற்று. என்னிடம் ஒரே ஒரு பிரதி இருந்தது. அச்சகத்துக்காகத் திருத்தம் போட்டது. அன்றைக்கு மேடையில் தூக்கிக் காட்டிப் பேசுவதற்காகப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன்.

அதை எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. கொடுக்காமல் அவளை அனுப்பவும் முடியவில்லை. கொடுத்தேன்.

அவளே எண்பத்து நான்கைத் திருப்பினாள்.

அந்த விரல்களின் மேல் சிவப்புப் பேனாவால் அழுத்தி அழுத்திக் கிறுக்கியிருந்தேன். ஒரு நுனியையும் விடவில்லை. ஓரத்தில் ‘வெட்டுக’ என்று வேறு எழுதியிருந்தேன்.

அவள் முந்தானை நுனியை எச்சிலில் தொட்டு மெல்லத் துடைத்தாள். சாப்பிட்ட பிள்ளைக்குக் கை துடைத்துவிடுகிற மாதிரி. மை போகவில்லை. தாள் நையப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

“மன்னிச்சிருங்கம்மா” என்றேன். அது அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்து, வெகுநேரம் பார்த்தாள்.

“இருக்கட்டும் சேர். தீவாளிக்கு மருதாணி வச்சிருக்கான்னு நெனச்சுக்கிறேன்.”