பத்தாவது ஆள்

"இன்னும் ஒரு ஆள் வேணும் மேடம். பத்துப் பேர் சேராம பாட்டிலத் திறக்கக் கூடாதுன்னு ஆர்டர். திறந்துட்டா நாலு மணி நேரம்தான் தாங்கும். வீணாப் போற ஊசிக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றாள் நர்ஸ் அருள்மொழி.

மஞ்சக்குப்பத்து முதியோர் இல்லத்தின் வராந்தாவில் ஒன்பது பணியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வாரமாகப் பேசி அந்த ஒன்பது பேரை உட்கார வைப்பதற்குள் மேற்பார்வையாளர் இசைவாணிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கொரோனா ஊசி போட்டால் இரண்டே வருஷத்தில் ஆள் காலி என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பியவள் ஒருத்தி. கறி சாப்பிடக் கூடாதாமே என்று கவலைப்பட்டவர் வாட்ச்மேன். சமையல்கார தைலம்மாள் மட்டும், "போட்டா ரெண்டு நாள் லீவு உண்டா?" என்று நேராக விஷயத்துக்கு வந்தாள். ஊசி போட்டுக்கொண்ட தன் கையை இசைவாணி எத்தனை பேரிடம் எத்தனை தடவை காட்டியிருப்பாளோ, அவளுக்கே கணக்கில்லை.

பத்தாவது ஆள் அஸ்மத். ஐம்பதைத் தாண்டிய ஆயா. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வேலையில் அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஊசி என்று பேச்செடுத்தால்தான் நழுவிவிடுவாள்.

"ஒரு மணிக்கு வண்டி வடலூர் கெளம்பிடும் மேடம். மறுபடி எப்ப வருவோம்னு தெரியாது" என்றாள் அருள்மொழி.

இசைவாணி உள்ளே போனாள். கால் கெஞ்சியது. மே மாதத்தில் இந்தக் கூடத்திலிருந்து இரண்டு பேரைத் தூக்கிக் கொடுத்ததிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமே இல்லை.

மூன்றாம் கட்டிலில் யூசுப் பாய்க்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் அஸ்மத். பக்கவாதத்தில் பேச்சும் ஒரு பக்கமும் போன மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ விட்டுவிட்டுப் போக, போலீஸ்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். சட்டைப் பையில் பெயர் எழுதிய சீட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. அஸ்மத்தைத் தவிர யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். தங்கள் ஜனம் என்ற பாசம்தான் என்று மற்ற ஆயாக்கள் பேசிக்கொள்வார்கள்.

"எல்லாரும் உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க அஸ்மத்."

"எனக்கு வேணாம் மேடம். ரெண்டு மாஸ்க் போட்டுக்கறேன். என் வாடகை ரூமுக்கே போகாம இங்கயே கெடக்கறேன்."

"ஊசின்னா பயமா?"

"ஊசிக்கு என்ன பயம்?"

"அப்புறம் என்ன? காய்ச்சல் வந்தா ஒரு நாள். மாத்திரை தர்றேன்."

"அதில்ல மேடம். ஆதார் கேப்பாங்க. என்னோடது வெள்ளத்துல போச்சுன்னு சேரும்போதே சொன்னேன்ல."

"ஆதார் இல்லன்னா ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி எதுவா இருந்தாலும் போதும்மா."

"எல்லாம் ஒரே பொட்டியிலதான் இருந்துச்சு."

இசைவாணிக்கு அலுத்துப் போயிற்று. ஆளுக்கொரு சாக்கு, இவளுக்கு வெள்ளம்.

"திங்கக்கெழமையிலேர்ந்து ஊசி போடாதவங்கள உள்ள விடக் கூடாதுன்னு டிரஸ்டி சொல்லிட்டாரு. நீ வாசல்ல நின்னா இவருக்கு யாரு ஊட்டறது? இவருக்குன்னு யாரு இருக்கா? பெத்ததோ கட்டுனதோ, ஈவிரக்கமில்லாம பஸ் ஸ்டாண்டுல போட்டுட்டுப் போயிருக்கு. அப்பிடி ஒரு ஆள் இருக்கிறது தெரிஞ்சா டிரஸ்டி இவர ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டாரு. யாரும் இல்லாதவங்களுக்குத்தானே இந்த எடம். போன வருஷம் நாலாம் கட்டில் அம்மாவுக்கு மருமகன் இருக்கான்னு தெரிஞ்சதும், அன்னைக்கே மூட்டை கட்டி அனுப்பல?"

அஸ்மத் யூசுப் பாயின் கடைவாயில் வழிந்த கஞ்சியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

இசைவாணிக்கு மிரட்டவும் தெம்பில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"மே மாசம் போனாங்களே ரெண்டு பேரு, அவுங்க இந்தக் கூடத்த விட்டு வெளியவே போனதில்ல. அப்ப நோயக் கொண்டாந்தது யாரு? நம்மள்ல ஒருத்தர்தான். அது நானாக்கூட இருக்கலாம். அத நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது அஸ்மத். நாளைக்கு உன் மூச்சுலேர்ந்து இவருக்கு ஒட்டிக்கிட்டா இந்த ஒடம்பு தாங்குமா?"

அஸ்மத் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், சாப்பாட்டுக் கூடையின் அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஆதார் அட்டையை எடுத்துவந்து நீட்டினாள்.

"தொலஞ்சு போச்சுன்னியே?"

"பொய் சொன்னேன் மேடம். ஊசி போட்டுக்கறேன். அதுக்கப்புறம் நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி."

"ஒரு அட்டைய மறைச்சதுக்கெல்லாம் யாரும் வேலைய விட்டு அனுப்ப மாட்டாங்க, வா" என்று இசைவாணி அவள் தோளைத் தட்டினாள். மூன்று வாரப் பாரம் இறங்கியதில் அட்டையைப் பிரித்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

வராந்தாவில் தைலம்மாள் கை தட்டினாள். "மகராசி வந்துட்டா. நான் எந்திரிச்சுப் போய் ஒலையே வச்சிருப்பேன்."

அஸ்மத் பத்தாவது நாற்காலியில் உட்கார்ந்து ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அருள்மொழி பாட்டிலைத் திறந்தாள்.

"விவரத்தச் சொல்லுங்க மேடம், பதிஞ்சுக்கறேன்" என்றார் லேப்டாப்போடு வந்திருந்தவர்.

இசைவாணி கவரைப் பிரித்து அட்டையைப் பார்த்தாள். "பேரு அஸ்மத். கணவர் பேரு..." அட்டையில் முஹம்மது யூசுப் என்று இருந்தது.

"மொதல்ல ஊசியப் போடச் சொல்லுங்க மேடம்" என்றாள் அஸ்மத்.